எக்ஸ்ரே சித்தியும் நீல வண்டியும்

"இந்த வண்டி எனக்குப் பத்தலையா, இல்ல எனக்கு எதுவுமே பத்தாதா?"

சித்தி இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த நேரம் அது. எனக்கே எதுவும் பத்தாமல்தான் இருந்தது. அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்; இது சித்தியின் கதை. நான் பார்க்காத இடங்களை சித்தியும் சித்தப்பாவும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சித்திக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. வருகிறவரைப் படுக்க வைத்து, கையையோ காலையோ வேண்டிய கோணத்தில் திருப்பி வைத்துவிட்டு, கனத்த கண்ணாடிக்குப் பின்னால் ஓடிப் போய் நின்றுகொண்டு சொல்வாள்: "மூச்ச நல்லா இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க... ம், விடுங்க." காலையிலிருந்து மாலைவரை இதே பாட்டு.

ஊரையெல்லாம் அசையாதே என்று சொல்கிற சித்தியால் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க முடியாது. சாப்பிடும்போது கால் ஆடும். போனில் பேசும்போது அறையின் நாலு மூலையையும் அளப்பாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததாக வரலாறே கிடையாது. சித்தப்பா அதற்கு நேர்மாறு. பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன்பே எழுந்து போவதால், உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடும் வரம் அவருக்கு வாய்த்திருந்தது. பேருந்தில் தூங்குவார், பல் டாக்டர் நாற்காலியில் தூங்குவார். மாவு பொங்கி வரும்வரை காத்திருந்து பழகிய மனுஷன். "எங்க ரெண்டு பேரையும் கலந்து ரெண்டாப் பிரிச்சிருந்தா, ரெண்டு சாதாரண ஆளுங்க கிடைச்சிருப்பாங்க" என்பார்.

சித்தியின் கால் அடங்குவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஊருக்கு வெளியே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்று இருக்கிறது. அதன் பள்ளத்துக்குள் மண் பாதை போட்டு, குவாட் ஓட்டுகிறவர்கள் கூடுவார்கள். குவாட் என்பது மோட்டார் சைக்கிளைப் போல ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற வண்டி. ஆனால் நாலு தடித்த சக்கரங்கள். மோட்டார் சைக்கிளில் ஆக்ஸிலேட்டரைக் கையால் முறுக்குவோம். இதில் அப்படி இல்லை. வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விசை இருக்கும். அதைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு வேகம்.

சித்தியிடம் இருந்தது சின்ன குவாட். சிவப்பாக இருந்து வெயிலில் வெளுத்து, இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. அதை அவள் வாங்கிய புதிதில் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கால் அல்லவா? ஒரு வளைவில் வண்டி சாய்வது போலிருந்ததும், பழக்க தோஷத்தில் காலைத் தரையில் ஊன்றிவிட்டாள். ஸ்கூட்டரில் அது காப்பாற்றும். குவாட்டில், ஊன்றிய காலின் மேலேயே நம் வண்டியின் பின்சக்கரம் ஏறிவிடும். சித்தியின் குதிகால் மேல் ஏறியது. தடித்த பூட்ஸ் போட்டிருந்ததால் எலும்பு தப்பியது. அப்படியும் மறுநாள் தன் காலைத் தானே மேஜைமேல் வைத்து, கூட வேலை செய்கிறவளைப் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடிபட்ட அந்த ஞாயிறு, குவாரிக் கூட்டத்தில் மூத்த ஓட்டுநரான தாடிதான் அவளைத் தூக்கி உட்கார வைத்தவர். தரைக்கு ஓடு பதிப்பது அவர் தொழில். தாடி மார்புவரை தொங்கும் என்பதால் அந்தப் பெயர். கைப்பிடிப் பக்கம் குனிந்து எதையோ திருகிவிட்டு, "பழகுற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். வேகம் கொஞ்சம் குறைச்சலாத்தான் போகும். பயப்படாம ஓட்டுங்க" என்றார். சித்தி தலையாட்டினாள். வலியில் அன்று யார் எது சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

கால் சரியாகி, பயம் போய், சித்தி நன்றாகவே ஓட்டப் பழகினாள். வளைவுகளில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, பிரேக்கைத் தொடாமலே திரும்பிவிடுவாள். ஆனால் வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் கதை மாறிவிடும். கட்டைவிரல் வலிக்க அமுக்குவாள். இடமும் வலமும் எல்லோரும் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். வாயெல்லாம் மண்.

அந்த வருடம் தாடி பெரிய குவாட்டுக்கு மாறினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் மாறினார்கள். அதற்கப்புறம் சித்திக்குக் கடைசி இடம் நிரந்தரமாகிவிட்டது.

"என்ன எக்ஸ்ரே, பின்னாலயே வந்து எங்க முதுகெலும்பையெல்லாம் படம் புடிக்கிறீங்களா?" என்று கேட்பார் தாடி.

"ஆமா, உங்களுதுல முதுகெலும்பே காணோம். அதான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்கறேன்."

வாய் குறைச்சலில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் தொங்கிப்போயிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு வாகன ஷோரூம் இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒருநாள் நீல நிறத்தில் ஒரு பெரிய குவாட் வந்து நின்றது. சித்தி பேருந்தைத் தவறவிட்டாள். அடுத்த நாளும் தவறவிட்டாள். மூன்றாம் நாள் ஷோரூம்காரரே கதவைத் திறந்து, "மேடம், வெளியில நின்னு பாத்தாலும் அதே வண்டிதான். உள்ள வந்தா ஏறி உக்காரலாம்" என்றார்.

ஏறி உட்கார்ந்தாள். உயரமாக இருந்தது. இறங்க மனசில்லை.

ஷோரூம்காரர் ஞாயிறன்று அதைக் குவாரிக்கே ஏற்றி வந்தார். ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சித்தப்பா வழக்கம்போல மடக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். சித்தி ஏறி, தன் வழக்கப்படி கட்டைவிரலை முழுசாக அமுக்கினாள்.

முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டுக் கிளம்பின. வானம் தெரிந்தது. வண்டி அவளை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. கைப்பிடியை மட்டும் விடாமல் தொங்கிக்கொண்டு, எப்படியோ விரலைத் தளர்த்தி, முன்பக்கம் தொப்பென்று இறங்கியபோது சித்தியின் பல் நாக்கைக் கடித்திருந்தது. மீதிச் சுற்றை நடைவேகத்தில் முடித்துவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எப்படி மேடம்?"

"சூப்பர்" என்றாள். நாக்கு எரிந்தது.

அன்றிலிருந்து சித்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீல வண்டி வேண்டும் என்று ஒரு மனசு. அது தன்னைத் தூக்கி எறியப் பார்த்ததே என்று ஒரு மனசு. அதை அடக்கிக் காட்டினால்தான் தன் கால் அடங்கும் என்று மூன்றாவதாக ஒன்று. நீலம் வேண்டுமானால் சிவப்பைக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் இரண்டை நிறுத்த இடம் கிடையாது. ஷோரூம்காரர் தினமும் போன் செய்து, இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்.

ஒருநாள் பெரியவர் ஒருவரை நிற்க வைத்து, "மூச்ச இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் படமும் எடுத்துவிட்டு, நீல வண்டியின் நினைப்பில் நின்றுவிட்டாள். சற்று நேரம் கழித்து உள்ளிருந்து நசுங்கிய குரல் கேட்டது.

"அம்மா... விட்டுடலாமா?"

பெரியவரின் முகம் செக்கச் சிவந்திருந்தது. சித்திக்கு அசடு வழிந்தது. "ஐயோ, விடுங்க விடுங்க!" என்று ஓடினாள்.

வீட்டில் சித்தப்பாவிடம் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

"புடிச்சிருந்தா வாங்கு."

"என்னங்க, இப்படிச் சட்டுனு சொல்லிட்டீங்க?"

"வேற என்ன சொல்லணும்?"

"வேண்டாம்னு சொல்லணும். நான் சண்ட போடணும். நீங்க பிடிவாதம் புடிக்கணும். அப்பத்தானே எனக்கு நிஜமாவே வேணுமா வேண்டாமான்னு தெரியும்? வாங்குன்னுட்டா நான் யார்கூட மல்லுக்கட்றது?"

"சரி, வேண்டாம்."

"போங்க!"

அந்த மாலைதான் சித்தி வாசலில், வெளுத்துப்போன சிவப்பு வண்டியின் இருக்கையில் குறுக்கே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, முதலில் நான் எழுதிய கேள்வியைக் கேட்டாள்.

பதில் கிடைக்காததாலோ என்னவோ, மறுநாள் சிவப்பை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போய்விட்டாள். சித்தப்பாவும் கூடப் போனார். நீல வண்டி வெளியே கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சித்தியின் கை பரபரத்தது.

பழைய வண்டியைப் பார்த்து மதிப்புச் சொல்ல, பட்டறைப் பக்கமிருந்து மெக்கானிக் வந்தாள். சுருட்டை முடியைத் துணியால் இழுத்துக் கட்டிய இளம்பெண். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள், சங்கிலியைத் தொட்டாள், எஞ்சினை உறும விட்டாள். கட்டைவிரல் விசையை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இந்த வண்டிய யார் ஓட்றது? வீட்ல சின்னப் பசங்களா?"

"நான்தான். ஏன்?"

"இல்ல, லிமிட்டர் ஸ்க்ரூ முழுசா உள்ள இறங்கியிருக்கு. புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு வைக்கிறது. விசை பாதிக்கு மேல போகாது. பழகினதும் எடுத்துடுவாங்க." விசையை அமுக்கிக் காட்டினாள். பாதி வழியில் அது நின்றது. "நீங்க எடுக்கவே இல்லியா?"

சித்திக்குக் குவாரி ஞாபகம் வந்தது. குதிகால். தாடி குனிந்து எதையோ திருகியது. 'பழகுற வரைக்கும்.'

அங்கேயே நின்று தாடிக்குப் போன் போட்டாள்.

"தாடி, என் வண்டியில ஸ்க்ரூவ இறக்கி வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. கால்ல ஏத்திக்கிட்டீங்களே, அன்னிக்கு."

"அதை யார் எடுத்தது?"

"நீங்கதான்."

"நான் எடுக்கல."

 "நீங்க எடுத்திருப்பீங்கன்னு நான் இருந்தேன்" என்றார் தாடி.

"நீங்க எடுத்திருப்பீங்கன்னுகூட நான் நினைக்கல. அப்படி ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேன்."

"அப்போ இத்தனை நாளும் பாதி ஆக்ஸிலேட்டர்லயா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?" தாடியின் குரல் உடைந்தது, அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிக்கிறார். "வளைவுல எங்களையெல்லாம் புடிச்சீங்களே! பாதியிலயா?"

சித்தப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்குன்னு உங்க வீட்டுல சொல்லித்தான் கட்டி வச்சாங்க. பாத்தா டைட்டால்ல இருந்திருக்கு" என்றார். மெக்கானிக் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி சிரிக்கவில்லை. நீலத்தைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள். 

ஷோரூம்காரருக்கு விஷயம் கை நழுவுவது தெரிந்தது. "மேடம், ஸ்க்ரூவ எடுத்தாலும் அது சின்ன வண்டிதான். நீலம் நீலம்தான்."

"தெரியும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைங்க. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

மெக்கானிக்கிடம் அந்த ஸ்க்ரூவைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அது அவள் சட்டைப்பையில் கிடந்தது. நோயாளிகளிடம் "உலோகம் எதுவும் இருந்தா எடுத்து வெளியில வைங்க" என்று சொல்லும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வந்தது.

ஞாயிறு வந்தது. குவாரியில் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. தாடியே வந்து சித்தியின் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார். "எக்ஸ்ரே, தப்பு என்மேலயும் இருக்கு. இன்னிக்கு உங்களுக்கு முன்னால போக மாட்டேன்."

"நீங்க விட்டுக் குடுத்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒழுங்கா ஓட்டுங்க."

கிளம்பினார்கள். நேர்ப்பாதையில் சித்தி விரலை அமுக்கினாள். எப்போதும் நிற்கும் இடத்தில் விசை நிற்கவில்லை. இன்னும் போனது. இன்னும் கொஞ்சம் போனது. சிவப்பு வண்டியிடமிருந்து அவள் கேட்டே இராத ஒரு சத்தம் கேட்டது. முன்னால் போன ஒருவரின் முதுகு பக்கத்தில் வந்தது, தோள் வந்தது, பின்னால் போனது. நேர்ப்பாதையில் அவள் ஒருவரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட்டுக்குள் கத்தினாள்.

அப்புறம் வளைவு வந்தது. அவளுடைய வளைவு, கண்ணை மூடிக்கொண்டு திரும்பக்கூடியது. வழக்கம்போல விரலை முழுக்க அமுக்கியபடியே உடம்பைச் சாய்த்தாள். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய், ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டியது. ஊன்றத் துடித்த காலை எப்படியோ வண்டியிலேயே வைத்துக்கொண்டாள். முட்டிய வேகம் அவளை டயர்களுக்குள் தள்ளியது; ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை அணைப்பதற்காக மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றது.

தாடி தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். சித்தப்பாகூட விழித்துக்கொண்டு பாதி தூரம் ஓடி வந்திருந்தார்.

"அடி பட்டுச்சா?"

சித்தி டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இந்த வளைவு தெரியாது" என்றாள் ஆச்சரியமாக. "தாடி, எனக்கு இது தெரியவே தெரியாது. எவ்வளவு அமுக்கணும்னு நான் யோசிச்சதே இல்ல. முழுசா அமுக்கினாப் போதும், மீதிய அந்த ஸ்க்ரூ பாத்துக்கிச்சு."

பிறகு எழுந்து மறுபடி ஏறினாள். மறுபடி வளைவில் ஓரத்துக்கு விலகிப் போனாள். மறுபடி. ஒரு சுற்றில் பயந்து விரலை அதிகமாகத் தளர்த்திவிட்டு, எல்லோருக்கும் பின்னால் போனாள். அடுத்த சுற்றில் கொஞ்சம் கூட்டினாள். விரல் வீங்கும்வரை சுற்றினாள். மற்றவர்கள் வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் குவாரிக்குள் அவள் சத்தம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய சத்தம் ஒரே ராகமாக இருக்கும். இது, கேள்வி கேட்டுக்கொண்டே போவது போல இருந்தது.

முடிந்ததும் வண்டியைப் பின்பக்கக் கம்பியின் மேல் நிமிர்த்தி நிற்க வைத்து அடிப்பக்கத்தைக் கழுவுவது அங்கே வழக்கம். சித்தி தன் வண்டியைத் தனியாகவே நிமிர்த்திவிடுவாள். அப்படி நிமிர்த்தி, அடிப்பக்கத்து மண்ணைப் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கை. சித்தப்பா எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தார்.

"மேடம், நீல வண்டியக் கேட்ட அந்தப் பார்ட்டி இங்க வந்து நிக்கிறார். என்ன சொல்லட்டும்?"

சித்தி தண்ணீர் வழிவதையே பார்த்தாள். நீல வண்டி அவள் கண்முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள் என்று சித்தப்பா சொன்னார்.

"குடுத்துடுங்க" என்றாள்.

போன் வைக்கப்பட்டது.  அவளே சொன்னாள்: "அமுக்கத் தெரியாத விரல வச்சுக்கிட்டு அதுல ஏறியிருந்தா, அடுத்த வாரம் என் காலை நானே படம் புடிச்சிருப்பேன்." கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினாள். "ஆனா நல்ல நீலங்க அது."

"ஆமா."

"அடுத்த வருஷம் வேற நிறத்துல வருமில்ல?"

"வரும்" என்றார் சித்தப்பா. "அப்போ வேண்டாம்னு சொல்றேன். சண்ட போடலாம்."

சித்தியின் கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வளைவு இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு எனக்கும் இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. எதுவுமே பத்தாத மனசு ஒரு குறையா என்பது தெரியவில்லை. கையில் இருப்பது பத்தவில்லை என்று சொல்லும் முன், அதை ஒருமுறை கடைசிவரை அமுக்கிப் பார்த்தோமா என்ற இன்னொரு கேள்வி மட்டும் கிடைத்திருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்தவர்களில், இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றுக்கு மாறலாமா என்று தூக்கம் கெட்டுத் திரிகிறவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவரிடம் சேர்த்துவிடுங்கள். வாங்காதே என்று தடுப்பதற்காக அல்ல. வாங்குகிறவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் பழையதை ஏற்றி அனுப்பும் முன் படிக்கக் கொடுங்கள். அசையாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதில்லை. அது முடியாதவர்களுக்காகத்தான் எழுதச் சொன்னாள் சித்தி.